தீப்பெட்டியில் ஒரு முகம்

இன்று என் படங்கள் ஏழெட்டு ஊர்ச் சுவர்களில் இருக்கின்றன. ஏணி வைத்து, சாரம் கட்டி, பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற அளவுக்குப் பெரிய படங்கள். ஆனால் நான் வரைந்ததில் அதிகம் பேர் கையில் எடுத்துப் பார்த்தது ஒரு தீப்பெட்டி லேபிள்தான். பார்த்தவர்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். அந்த மரியாதை எந்தச் சுவரிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு லேபிள் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் கிளாசில் ஆறு மாதம் மவுசைப் பிடிக்கக் கற்றிருந்த பெண் நான், அவ்வளவுதான் தகுதி. கிளி, ரயில், தாமரை, இரட்டைக் குதிரை என்று நாள் முழுக்க லேபிளுக்குப் படம் செய்வேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்த இடமே மயங்கிக் கிடக்கும். மெஷின் ஒரே தாளத்தில் ஓடும். மில் பக்கமிருந்து பஞ்சுத் தூசி வெயிலில் மெதுவாக மிதந்து வரும். மை வாசனையோடு எங்கோ கடலைமிட்டாய்க்குக் காய்ச்சுகிற பாகின் வாசனையும் சேர்ந்துகொள்ளும். எனக்குக் கண் செருகும். அரைத் தூக்கத்தில் கிளிகளும் குதிரைகளும் தாளை விட்டு இறங்கி, வெடித்துக் கிடக்கும் கரிசலில் வெடிப்பைத் தாண்டித் தாண்டிப் போவதைப் பார்ப்பேன். யாராவது தோளைத் தட்டுகிற வரைக்கும் அவற்றோடு நானும் போய்க்கொண்டிருப்பேன்.

தோளைத் தட்டுவது பெரும்பாலும் அவள்தான். கட்டிங் பிரிவில் வேலை பார்த்தாள், பசுவந்தனையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். வெளியே ஒன்றும் இருக்காது. ஒரு வேலிக்கருவை, அதற்குக் கீழே ஒரு நாய். அதை அவள் பார்க்கிற விதத்தில் அங்கே ஏதோ நடக்கப்போகிறது என்று எனக்கும் தோன்றும். வீணான தாள்களின் பின்பக்கத்தில் அந்த முகத்தை வரைந்து வரைந்துதான் எனக்குக் கை திருந்தியது.

“ஏட்டி, என்னைய எதுக்குப் போட்டு வரையுத?”

“ஒன் மூஞ்சி சும்மாதான இருக்கு.”

ஒருநாள் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி புது லேபிள் வேண்டும் என்று வந்தார். பெண் முகமாக இருக்கட்டும், லட்சணமாக இருக்கட்டும் என்றார். என் கைக்கு வேறு முகம் வரவில்லை. வரைந்து முடித்ததும் அவளிடம்தான் முதலில் காட்டினேன். வேண்டாம் என்றால் மாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது எங்கன வரைக்கும் போவும்?” என்றாள்.

“வடக்க, டெல்லி தாண்டியும் போவும்.”

“நான் தூத்துக்குடியே இன்னும் பாக்கல,” என்றாள். பிறகு, “மாத்தாத,” என்றாள்.

அச்சில் ஏற்றுவதற்கு முன்னால் முதலாளி புரூப் பார்க்க வந்தார். தாளைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார்.

“பொண்ணு வெளிய பாக்காளே. பொண்ணுன்னா மகாலட்சுமி, அவ வெளிய பாத்தா சரக்கு எப்பிடிம்மா தங்கும்? உள்ள பாக்க வையி.”

எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கிளியானாலும் குதிரையானாலும் லேபிளுக்குள்ளே, எழுத்தைப் பார்த்தபடிதான் நிற்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரே அமுக்கு, படம் இடம் வலமாகப் புரண்டது. அவர் திருப்தியாகக் கிளம்பினார். படத்தோடு மூக்குத்தியும் பக்கம் மாறிவிட்டதை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வலது மூக்கில் குத்துவதுதான் வழக்கம். லேபிள் பெண்ணுக்கு இடது மூக்கில் மின்னியது.

அச்சாகி வந்த தாளை வெட்டும்போது அவள்தான் கண்டுபிடித்தாள். நான் பதறிப்போனேன். அவள் சிரித்தாள்.

“கண்ணாடியில பாக்குத மாதிரியேல்லா இருக்கு. நான் எனக்கு எப்பிடித் தெரிவனோ அப்பிடி இருக்கேன்.”

ஒரு லேபிளை மட்டும் எடுத்துத் தன் பர்சில் வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷமே அவளுக்குச் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளைக்கு ஊர் எப்போதும்வென்றான், சொந்தமாக நிலம். நிச்சயம் செய்து பாக்கு மாற்றுவதற்கு நாலு நாள் முன்பு மாப்பிள்ளையின் பெரியப்பா ஏதோ ஒரு பெட்டிக்கடையில் தீப்பெட்டி வாங்கியிருக்கிறார். மறுநாள் காலையில் அவரும் அவளுடைய அப்பாவும் அச்சகத்துக்கே வந்துவிட்டார்கள். அவளுடைய அப்பா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கோர்ட்டில் நிற்பவரைப் போல நின்றார். பெரியப்பா தீப்பெட்டியை என் மேஜைமேல் வைத்தார்.

“இது யாரும்மா?”

சம்பந்தம் இந்தப் பதிலில்தான் நிற்கிறது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. மெஷினைக்கூட யாரோ நிறுத்திவிட்டார்கள். அவள் லேபிள் கட்டுகளுக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்தபடி நின்றாள்.

“யாரும் இல்லய்யா,” என்றேன். “கையில வந்த முகம்.”

“நம்ம புள்ள சாடை அப்பிடியே இருக்கே.”

“மூக்குத்தியப் பாருங்க. அவ வலப்பக்கம்லா போட்டிருக்கா.”

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “இங்கன வா தாயி, வெளிச்சத்துக்குத் திரும்பு,” என்றார். அவள் வந்து திரும்பினாள். அவர் தீப்பெட்டியை அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து, பெட்டியை ஒருமுறை, அவளை ஒருமுறை என்று மாறி மாறிப் பார்த்தார். அவள் கண்ணை இமைக்கவில்லை. ஜன்னலைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ என் சாமர்த்தியத்தில் உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

“வேற ஆளுதான்,” என்று பெரியப்பா முடித்தார். அவளுடைய அப்பா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவர்கள் போனதும் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். பர்சைத் திறந்து அந்த லேபிளை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள்.

“யாரோதான இது. நீயே வச்சிக்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். கல்யாணத்துக்குப் போனேன். மேடையில் எல்லோரையும் பார்த்துச் சிரித்த மாதிரியே என்னையும் பார்த்துச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு நான் சென்னைக்குப் போனதும், விளம்பரக் கம்பெனியில் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் உறை செய்ததும், ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு சுவர்களில் வரையப் போய் அதுவே முழுநேரப் பிழைப்பானதும் எல்லோரும் சொல்கிற கதைதான். சுவரில் வரையும்போது வெயிலில் தலை கிறுகிறுத்து, பழைய மதியங்களுக்குள் போய்விடுவேன். பிரஷ் தன்பாட்டுக்கு நகரும். இறங்கி வந்து பார்த்தால் ஒரு பெண் முகம் இருக்கும். யாரும்மா இது என்று தெருவில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். யாரும் இல்லை என்று சொல்லுவேன். சொல்லிவிட்டு மறுபடி ஏணியில் ஏறிவிடுவேன்.

கோவில்பட்டியிலேயே ஒரு நீளமான சுவர் கிடைத்தபோது, பெயிண்ட் வாங்குவதற்கு முன்னால் எப்போதும்வென்றானுக்கு பஸ் ஏறினேன். அவள் கல்யாணம் முடிந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. களத்தில் மிளகாய்வத்தலைக் காலால் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு மண், நடுவில் அந்தச் சிவப்பு, அதற்குள் அவள். கொஞ்சம் தள்ளி அவள் வீட்டுக்காரர் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்கியாட்டி,” என்றாள். கிண்டுவதை நிறுத்தவில்லை. நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. பெரிய சுவர், உன்னை வரையட்டுமா என்று கேட்டேன்.

“யாருன்னு கேப்பாங்கள்லா. என்ன சொல்லுவ?”

“ஒம் பேரச் சொல்லுவேன்.”

“இவிய ஆளுக வந்து கேட்டா?” என்று வீட்டுக்காரரைக் கண்ணால் காட்டினாள்.

“யாரு கேட்டாலும். அன்னைக்கே சொல்லியிருக்கணும், தப்புப் பண்ணிட்டேன்.”

“அன்னைக்கு நீ ஆமான்னு சொல்லியிருந்தா எனக்குக் கல்யாணம் நின்னிருக்கும்,” என்றாள். “அது எனக்குந் தெரியும். இருந்தாலும் என் மொகத்துக்கு நேராவே யாரும் இல்லன்னுட்டியே.”

வத்தல் நெடியில்தான் கண் கலங்கியது என்று வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் கிண்டுவதை நிறுத்திவிட்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, ஒங்க பெரியப்பா ஒரு தீப்பெட்டியத் தூக்கிட்டுப் போனாவள்லா. அதுல இருந்தது நாந்தான். இவதான் வரைஞ்சா. எனக்குத் தெரிஞ்சேதான் வரைஞ்சா.”

அவர் கோணி ஊசியை இழுத்து முடிச்சுப் போட்டார். நிமிரவில்லை.

“தெரியும்,” என்றார். “ஒரு பெட்டி இன்னும் எங்கிட்ட இருக்கு.”

அவள் அப்படியே நின்றாள். ஒன்பது வருஷம் கூடவே இருந்த மனிதரை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். நான் வரைவதற்குப் பையிலிருந்து தாளை எடுத்தேன். கோவில்பட்டிச் சுவரில் இருப்பது அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம்தான்.