ரேஷன் கடைச் சுவரில் ஒரு போஸ்டர்

ஊர்த் தெருக்கள் எவ்வளவு சுத்தமாக இருக்கின்றன என்று பார்த்து மதிப்பெண் போடுவது என் வேலை. தெருவைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு நடப்போம். குப்பை, எச்சில் கறை, சுவர்க் கிறுக்கல், ஒட்டிய போஸ்டர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். போன மழைக்காலம் முடிந்ததும் ஜவ்வாது மலைமேல் ஒரு சந்தை ஊருக்கு என்னை அனுப்பினார்கள்.

ஊராட்சிச் செயலர் பஸ் நிற்கும் இடத்திலேயே காத்திருந்தார். கூடவே தூய்மைப் பணியாளரான ஓர் அக்கா, வாளியும் துடைப்பமுமாக. கட்சி போஸ்டர், சினிமா போஸ்டர், காதுகுத்து போஸ்டர் எல்லாவற்றையும் அந்த அக்கா ஒருவரே சுரண்டி எடுத்திருந்தார். ரேஷன் கடைச் சுவரில் மட்டும் ஒன்று மிச்சம். கண்ணீர் அஞ்சலி. இரட்டைச் சடை போட்ட ஒரு பெண். கீழே 'உன் தோழிகள்' என்று இருந்தது.

"இத்த ஏன் வுட்டுட்ட?" என்றார் செயலர்.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"இன்னா, கேக்கறேன்ல?"

"எம் பொண்ணு சார்."

செயலர் அந்த ஊருக்குப் புதிது. தலையைக் குனிந்துகொண்டார். அக்கா என்னிடம் சொன்னார்: "காச்சல்தாம்மா. ஜீப்புல ஏத்திக்கினு எறங்கனோம். பாதி மலையில, குளுருதும்மான்னுச்சு. முந்தானையப் போத்தி வுட்டேன். அடிவாரத்துல படவேடு வர்றதுக்குள்ள…"

செல்போனில் நிறைய போட்டோ இருந்ததாம். அது தண்ணீரில் விழுந்து கெட்டுப்போனது. வீட்டில் இருந்த ஒரே போட்டோவைத் தோழிகள் போஸ்டர் அடிக்க வாங்கிப் போனார்கள். அச்சகத்திலிருந்து அது திரும்பவில்லை.

"பெருக்க வர்றப்ப பாத்துக்கினு போவேன்."

"அப்படியே இருக்கட்டும்க்கா. ஒரு போஸ்டருக்கு மதிப்பெண் பெரிசா குறையாது," என்றேன்.

"நாளைக்கு செவுத்துக்கு பெயிண்ட் அடிக்க வர்றாங்கம்மா. மேலயே அடிச்சுட்டு போய்டுவாங்க. கிழியாம எடுத்துத் தர முடியுமா?"

முதலில் என் போனில் போஸ்டரைப் படம் பிடித்தேன். செயலர் டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கி வந்தார். நனைத்து நனைத்து, மூவருமாக அடியிலிருந்து உரித்தோம். எழுத்தெல்லாம் வந்தது. கழுத்துவரை நன்றாக வந்தது. "பாத்து, பாத்து," என்று சொல்லிக்கொண்டே இருந்தார் அக்கா, தூங்கும் பிள்ளையைத் தூக்குகிறவர்களிடம் சொல்வதுபோல. வெயிலில் காய்ந்து இறுகிய மைதாப் பசை அதற்குமேல் விடவில்லை. முகம் நார் நாராகக் கையோடு வந்தது.

"போதும்மா, வுட்டுடுங்க."

"நீ வூட்டுக்குப் போம்மா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்," என்றார் செயலர். அக்கா போகவில்லை. மிச்சத்தைத் தானே சுரண்டி, சுவரைக் கழுவிவிட்டார்.

செங்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, போனில் பிடித்த படத்தைப் பிரிண்ட் போட்டேன். வெளுத்துக் கிடந்த முகத்தைக் கம்ப்யூட்டரில் திருத்தி, பளபளவென்று தந்தார்கள். மலையேறிப் போய்க் கொடுத்தேன். அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கு அவளுதுதான். கண்ணு வேற யாருதோ மாதிரி கீதும்மா."

போனில் இருந்த திருத்தாத படத்தைக் காட்டினேன். வாய் பொத்தி அழுதார்.

அடுத்த முறை அதையே பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். அதைத்தான் வீட்டில் மாட்டியிருக்கிறார். மழைக்கறையும் வெளுப்புமாக இருக்கிறது. முகம் தெரிய வேண்டுமென்றால் மிகவும் கிட்டே போய் நிற்க வேண்டும்.