குளிக்காமல் தூக்கிய பிள்ளை

திருத்தங்கலில் எங்கள் தெருவுக்குள் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்றால், எந்தப் பிள்ளையும் தாயைக் கட்டிக்கொள்ள ஓடாது. அம்மா குளித்துவிட்டு வந்த பிறகுதான் மடி. உடம்பில் ஒட்டிய வெடிமருந்துத் தூளோடு தூக்கினால் கண் எரிந்து, கத்தி ஊரைக் கூட்டிவிடுவார்கள். என் சித்தியின் மகள் மட்டும் வாசலிலேயே தாவி ஏறி, அலுமினியப் பொடி மின்னும் தோளில் முகத்தைப் போட்டுத் தேய்ப்பாள். ஒரு சிணுங்கல் கிடையாது.

சித்திக்கு அதில் அப்படியொரு பெருமை. “நான் எந்தக் கோலத்துல வந்தாலும் எம்பிள்ளைக்கு நான் வேணும்ல!” என்பாள். கூட வேலை பார்த்த பெண்கள், “அம்புட்டுப் பாசமா!” என்று கன்னத்தில் கை வைப்பார்கள். சில நாள் பிள்ளையின் உதட்டில் ரத்தம் கசியும். பல் முளைக்கிற வயது, கடித்திருப்பாள் என்று துடைத்துவிடுவோம்.

மூன்று வயதில் இடது கண்ணில் வெள்ளை படர்ந்தது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் பஞ்சு நுனியால் கண்மணியைத் தொட்டார். அவள் இமைக்கவே இல்லை. பிறவியிலேயே முகத்தில் உணர்ச்சி கிடையாது, தூள் விழுந்தாலும் தெரியாது, புண்ணானாலும் தெரியாது என்றார். இடது கண் போனது போனதுதான். வலது கண்ணிலும் புண் இருந்தது. அதையாவது காப்பாற்ற இமையைப் பாதி சேர்த்துத் தைக்க வேண்டும் என்றார்.

சித்தி கையெழுத்துப் போட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “அப்ப, அவ அழுகாம எங்கிட்ட வந்தது பாசத்துல இல்லையா சார்?”

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அழுகையை அடக்க வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

வலது கண் தப்பியது. சித்தி கம்பெனியை விட்டுவிட்டு, இப்போது அச்சகத்தில் காலண்டர் அட்டை ஒட்டுகிறாள். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். வந்ததும் மருந்து விட்டு, கண்ணை மூடி பிளாஸ்திரியால் ஒட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் படுக்க வைக்க வேண்டும்.

போன வாரம் நான் போயிருந்தபோதும் அப்படித்தான் படுத்திருந்தாள். சித்தி குனிந்து, அவள் கன்னத்தில் சத்தமில்லாமல் முத்தமிட்டு நிமிர்ந்தாள். பிள்ளை முகத்தைத் தூக்கியபடியே காத்திருந்தாள்.

“முத்தம் குடும்மா.”

“குடுத்துட்டேன் தாயி.”

“எப்ப?” என்றாள்.