பீரோவுக்குள் போன பூஜைச் செருப்புகள்

வங்கி அதிகாரி ஸ்ரீனிவாசராகவனுக்குக் கொல்கத்தாவுக்கு மாற்றல் வந்ததும், சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு திருட்டுக் கதை சொல்லித்தான் ரயிலேற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து பையை மார்பில் கட்டிக்கொண்டுதான் நடப்பார். கரியாஹாட் கடைத்தெருக் கூட்டத்தில் யாராவது இடித்தால் முதலில் பையைத் தடவுவார். வலிக்கிறதா என்று அப்புறம்தான் பார்ப்பார். லேக் கார்டன்ஸ் வீட்டில் மணி அடித்தால், கதவைத் திறக்காமலே பெயர், ஊர், வந்த காரியம் எல்லாம் விசாரிப்பார். விசாரணை முடிவதற்குள் வந்தவர்கள் போய்விடுவார்கள். போன வருஷம் கொலுவுக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை.

"இந்தத் தடவையும் யாரும் வரலேன்னா நான் பொம்மைகளோட பேச ஆரம்பிச்சுடுவேன்," என்றாள் மனைவி ஷியாமளா. "வாசப் பக்கம் நீங்க வரவே வராதேள்!"

வந்தார்கள். மாடி வீட்டு மௌசுமி தோழிகளோடு வந்தாள். தெருவே அவளை 'பௌதி', அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடும். மூன்று தலைமுறையாக இந்த ஊர்க்காரியான சுப்புலக்ஷ்மி மாமியும் வந்தாள். துர்கா பூஜை நெருங்கிவிட்டதால் எல்லோர் காலிலும் புதுச் செருப்பு.

வாசலில் பளபளவென்று கிடந்த அவற்றை ராகவன் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். ஒரு ஜோடி போனாலும் ஷியாமளாவின் மானம் போகும். அடுத்த வருஷமும் பொம்மைகள்தான் துணை. அத்தனையையும் அள்ளி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை எங்கே வைப்பது? எந்தத் திருடனும் கைவைக்கத் துணியாத இடம், கொலுப்படியில் இருந்த கலசம். பெண்கள் பாட்டில் மூழ்கியிருந்தபோது, கும்பிடுவதுபோல் குனிந்து மாவிலைகளுக்கு நடுவே செருகினார். 'க்ளுக்'கென்று அது தண்ணீருக்குள் போய்விட்டது.

சுண்டல், தாம்பூலமெல்லாம் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போன பௌதி அலறினாள். "ஓ மா! சோர், சோர்!"

"திருடனெல்லாம் இல்லை. பீரோல பத்திரமா இருக்கு," என்றார் ராகவன் பெருமையாக.

"சாவி?"

கலசத்தைக் காட்டினார்.

ஷியாமளா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "விஜயதசமி வரைக்கும் கலசத்தை அசைக்கப்படாதுன்னு தெரியாதா?"

"தெரிஞ்சுதானே அங்க வெச்சேன்!"

"பூட்டுக்காரனைக் கூப்பிடுங்கோ, மாமா," என்றாள் சுப்புலக்ஷ்மி.

"நன்னாயிருக்கே! பீரோவைத் திறக்கத் தெரிஞ்சவனையா வீட்டுக்குள்ள விடறது?"

"தாதா," என்று அண்ணன் முறை வைத்தே பௌதி ஹிந்தியில் பொரிந்தாள். "புடவைக்குப் பொருத்தமா கடை கடையா அலைஞ்சு வாங்கினது! பூஜைப் பந்தலுக்கு வெறுங்காலோடயா போவேன்?"

கடைசியில் அவருடைய ஆபீஸ் ஷூவை மாட்டிக்கொண்டு 'டக் டக்'கென்று மாடியேறினாள். சுப்புலக்ஷ்மி மாமிக்குக் குளியலறைச் செருப்பு.

மறுநாள் சாயங்காலம் எல்லோரும் திரும்ப வந்தார்கள், பீரோ பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க. பார்த்த கையோடு சுண்டலும் சாப்பிட்டார்கள். அதற்கு மறுநாள் சந்தேஷ் என்ற பால் இனிப்பு கொண்டுவந்தார்கள். அஷ்டமியன்று ராகவனையும் ஷியாமளாவையும் பந்தலுக்கு இழுத்துப் போனார்கள். அந்த நெரிசலில் ராகவன் பையைத் தடவவே மறந்தார்; அவர் கண்ணெல்லாம் பௌதி காலிலிருந்த தன் ஷூ மேல்தான்.

விஜயதசமி முடிந்து ஷியாமளா கலசத்தை நகர்த்தினாள். பீரோ திறந்தது. அவரவர் செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஷியாமளா முகம் வாடிவிட்டது. "இனிமே யார் வருவா?"

மறுநாள் மணி அடித்தது. ராகவன் ஒன்றும் விசாரிக்காமல் கதவைத் திறந்தார். பௌதியும் தோழிகளும் நின்றார்கள், எல்லோரும் வெறுங்காலோடு.

"செருப்பை வீட்லயே வெச்சுப் பூட்டிட்டோம், தாதா," என்றாள் பௌதி. "சுண்டல் இருக்கா?"