உடைந்த இடத்திலிருந்து வரைகிறவள்

கோப்பையைக் கையில் வாங்கியதும் அம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள். விளிம்பில் பல் போன இடம் இருந்தால், அங்கே கட்டைவிரலை வைத்து ஒரு தடவு தடவிவிட்டுத்தான் தேநீரைக் குடிப்பாள். யார் வீட்டுக்குப் போனாலும் இதேதான். சின்ன வயதில் மகளுக்கு மானம் போகும்.

அம்மாவின் வேலை அப்படி. பீங்கான் ஆலையில் பதினெட்டு வருஷமாக, சூளையிலிருந்து வரும் கோப்பைகளைச் சின்ன மரக்குச்சியால் தட்டிப் பார்த்து, கீறல் விட்டதை ஒதுக்கிப் போடுகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டைப்பெட்டியைக் கிழித்து, பள்ளிப் பிள்ளைகளின் வண்ணப் பெட்டியை வைத்துக்கொண்டு அதன் உட்பக்கத்தில் வரைவாள். அங்கேயும் அதே சாதிதான்: காது உடைந்த கோப்பை, வாய் பிளந்த செருப்பு, கம்பி வளைந்த குடை.

"ஏன்க்கா, ஒரு ரோஜாப்பூ, ஒரு கிளி வரையக் கூடாதா? உங்க சுவரைப் பார்த்தா பழைய இரும்புக் கடைக்குள்ள வந்த மாதிரி இருக்கு" என்பாள் எதிர்வீட்டுக்காரி.

"முழுசா இருக்கிறதை எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியலையே. உடைஞ்சிருந்தா அங்கேருந்து பிடிச்சுக்கலாம்."

"என்னை வரைம்மா" என்று மகள் எத்தனையோ முறை காலைச் சுற்றியிருக்கிறாள். "உன்கிட்ட என்னடி இருக்கு, வழவழன்னு" என்று விரட்டிவிடுவாள் அம்மா. அதில் மகளுக்கு ரகசியமாக ஒரு பெருமை. அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கி, கழுத்தில் அடையாள அட்டையோடு அலுவலகம் கிளம்பியபோதும் அந்தப் பெருமை கூடவே போயிற்று.

ஐந்தாவது மாதம் வேலை போயிற்று. அவள் சொல்லவில்லை. எட்டு மணிக்கு அட்டையை மாட்டி, சாப்பாட்டு டப்பாவுடன் கிளம்பி, பொது நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு ஆறு மணிக்குத் திரும்பினாள். அம்மா ஆலை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இல்லை என்று இப்போது எந்த முகத்தோடு சொல்வது?

மூன்றாவது வார ஞாயிறு. தலை துவட்டிக்கொண்டிருந்தவளை அம்மா நிறுத்தினாள். "அப்படியே உக்காரு. ஜன்னல் பக்கம் திரும்பு. உன்னை வரையப் போறேன்."

துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "என்ன திடீர்னு? என்கிட்ட என்ன இருக்கு?"

"ஆடாம இரு."

அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். ஈரத் தலைமுடி வந்தது, காது வந்தது, கழுத்து வந்தது. தூரிகை முகத்துக்கு வருவதற்குள் அவளால் தாங்க முடியவில்லை.

"அம்மா, எனக்கு வேலை போயிருச்சு."

"தெரியும். மூணு வாரமா டப்பா கழுவித் தொடைச்சு வருது. வேலை பாக்குறவளுக்கு ஏதுடி அவ்வளவு நேரம்?"

அவள் ஓவென்று அழுதாள். அம்மா தூரிகையை அலசி வைத்தாள். "மூஞ்சியை நாளைக்குப் போடறேன். இப்ப வீங்கிக் கெடக்கு."

மறுநாள் ஆலையில் கூடுதல் வேலை. பிறகு இவளுக்கு வேறு வேலை கிடைத்தது. முகத்தைப் போடச் சொல்லிக் கேட்டால், "இப்பத்தான் தேறிட்டியே, வரைய என்ன இருக்கு?" என்று சிரிப்பாள். இரண்டு வருஷம் இப்படியே ஓடிற்று. ஒரு மதியம் ஆலையிலேயே மார்வலி வந்து அம்மா போய்விட்டாள்.

முகம் போடாத அந்தப் பட அட்டை மகளிடம் இருக்கிறது. அன்றைக்கு அம்மா கண்ணில் பட்ட உடைசல் எது? வேலை போனதா, மூன்று வாரம் பொய் சொன்னதா? வேலை போனதென்றால் அடுத்த வேலையோடு ஆறிவிட்டது. பொய் என்றால்? கேட்க இரண்டு வருஷம் இருந்தது. கேட்கவில்லை.

நன்றாக வரையத் தெரிந்த தோழி ஒருத்தி, போட்டோவைப் பார்த்து முகத்தை முடித்துத் தருகிறேன் என்றாள். இவள் கொடுக்கவில்லை. அது அம்மா தர வேண்டிய முகம். இன்னும் தரவில்லை.