சந்தோஷ மாத்திரையும் பதினேழு லிஃப்ட்டுகளும்

எங்கள் ஊர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எட்டுப் பேர் ஏறும் பெட்டி எப்படியெல்லாம் விழக்கூடும் என்று இருபத்திரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருப்பவரைப் பல்லைக் காட்டச் சொல்வது நியாயமா? இருந்தாலும் ஊர் அவருக்குச் 'சிடுசிடு' என்று பெயர் வைத்திருந்தது.

அவரிடம் கருவிகள் இருந்தன. ஊர் நம்பியதோ அவருடைய வலது உள்ளங்கையை. ஓடும் லிஃப்ட்டின் சுவரில் கையைப் பதித்துக் கண்ணை மூடுவார். "உருளை தேஞ்சிருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் தேய்ந்திருக்கும்.

போன வருடம் அவருக்குத் தூக்கம் கெட்டது. கண்ணை மூடினால் கம்பி அறுந்தது. டாக்டர் மனப்பதற்றத்துக்கு ஒரு சின்ன மாத்திரை எழுதித் தந்தார். தூக்கம் வந்தது, சிரிப்பு வரவில்லை. வீட்டாரின் குறை அதுதான்.

குறையைத் தீர்க்க மைத்துனர் வந்தார். மூன்று மாதம் முன்புவரை வீட்டு மனை விற்றவர். இப்போது மூளை ரசாயன நிபுணர்.

"அத்தான், உங்களுக்குக் கோபமே கிடையாது. மூளையில சந்தோஷம் தர்ற செரோட்டோனின் பத்தல, அவ்வளவுதான்."

"யாருடா சொன்னா?"

"உங்க மூஞ்சி சொல்லுது."

"ஏற்கெனவே ஒரு மாத்திரை சாப்பிடுறேனே."

"அது மருந்து, அத்தான். இது மருந்தே கிடையாது. இயற்கை!"

இயற்கை மூன்று குப்பிகளில் வந்து சேர்ந்தது. காலையில் பச்சை, மதியம் மஞ்சள், இரவில் ஊதா. மனைவி வேளை தவறாமல் நீட்டினார். பாம்பும் இயற்கைதானே என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் தோன்றவில்லை.

பத்தாம் நாள் இன்ஸ்பெக்டர் சிரித்தார். கூடவே வியர்த்தது, வயிறு கலங்கியது, நெஞ்சு படபடத்தது. சந்தோஷம் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று எண்ணிக்கொண்டார். பாவம், முன் அனுபவம் இல்லாதவர்.

அன்று வங்கி லிஃப்ட்டில் கையை வைத்தார். கிடுகிடுவென்று ஆடியது. சிரித்தபடியே பூட்டிச் சிவப்பு முத்திரை வைத்தார். நூலகத்திலும் ஆடியது. துணிக்கடையிலும் ஆடியது. ஆறே நாளில் பதினேழு லிஃப்ட்டுகள்! ஊரே படியேறியது. மூச்சு வாங்கியவர்கள் அவரை வைததில் பாதியை அச்சிட இயலாது.

மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"கருவி ஒரு லிஃப்ட்லகூடக் குறை காட்டலையே?"

"கருவிக்கு என்ன சார் தெரியும்?" என்று இன்ஸ்பெக்டர் இளித்தார்.

"நம்ம ஆபீஸ் லிஃப்ட்டைப் பாருங்க. அதையும் காரணமில்லாமப் பூட்டினா உங்க கையெழுத்து இனிமே செல்லாது. வீட்டுல உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருங்க."

துணைக்கு வந்தவர் ஒரு மெக்கானிக் பெண்மணி. அவருக்கு வாயும் ஸ்பேனரும் ஒரே வேகம். இன்ஸ்பெக்டர் உள்ளே போய்க் கையை வைத்தார்.

"ஆடுது. பூட்டிடலாம்."

"சார், லிஃப்ட் இன்னும் கிளம்பவே இல்ல."

"ஆடுதும்மா!"

அவர் இன்ஸ்பெக்டரின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "ஆடுறது நீங்க சார். நாடி மோட்டார் மாதிரி ஓடுது. எதையும் பூட்டாதீங்க. முதல்ல டாக்டர்கிட்ட கிளம்புங்க."

டாக்டர் குப்பிகளை வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"நான் குடுத்த மாத்திரையே செரோட்டோனினைக் கூட்டத்தான். அதுக்கு மேல அதையே கூட்டுற இது மூணுமா? அளவு மீறினா உடம்பு ஆடத்தான் செய்யும். தாகத்துக்குத் தண்ணி கேட்டா அணையவா திறந்து விடுவாங்க?"

மனைவி மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் மின்விசிறியைப் பார்த்தார்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். கை அடங்கியது. சிரிப்பும் அடங்கியது. பூட்டிய பதினேழையும் இன்ஸ்பெக்டர் மறுபடி சோதித்துத் திறந்துவிட்டார். பாக்கி ஆபீஸ் லிஃப்ட். மேலதிகாரி தாமே உடன் ஏறினார்.

இன்ஸ்பெக்டர் கையைப் பதித்துக் கண்ணை மூடினார். நாலாவது மாடி தாண்டியதும் முகம் சுருங்கியது. "இடது பக்க உருளை தட்டுது."

மெக்கானிக் பிரித்தார். உருளையில் விரல் நீளத்துக்கு விரிசல்.

இன்ஸ்பெக்டர் பூட்டிக் கையெழுத்துப் போட்டார். மேலதிகாரி அதைப் படித்துப் பார்த்து, கீழே தம் கையெழுத்தையும் போட்டார். அவருடைய அறை ஒன்பதாவது மாடியில்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

"படி அந்தப் பக்கம் சார்" என்றார் சிடுசிடு.