மெருகு போடாத காசு

திண்டுக்கல்லில் பூட்டு செய்கிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. பிரியாணிக் கடைக்காரர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் பழைய காசைச் சேர்த்து வையுங்கள், சேர்த்து வையுங்கள் என்று ஊரையே நச்சரித்த ஆள் என்றால் ஒருத்திதான். அவள் சகாயராணி. எங்கள் பட்டறைக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கிறாள். புருஷன் பாஸ்கலுக்குத் தோல் பதனிடும் இடத்தில் வேலை. அவள் படித்தது எட்டாம் வகுப்பு. அவளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று கேட்டால், கிடையாது. நான் செய்த காரியத்துக்கு இன்னொருத்தியாக இருந்தால் என் முகத்திலேயே விழித்திருக்க மாட்டாள். அதனால்தான் நானே உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் பொம்மையன். பூட்டுக்கு மெருகு போடுவது என் வேலை. சுற்றுகிற சக்கரத்தில் பித்தளைப் பூட்டைப் பிடித்து, முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பேன். இருபத்திரண்டு வருடமாக இதே சக்கரம்தான். மெருகு ஏறாத சாமான் எங்கள் பட்டறை வாசலைத் தாண்டாது. இது முதலாளி போட்ட சட்டமல்ல, எனக்கு நானே போட்டுக்கொண்டது. இதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

எண்பத்து நாலில் ஒருநாள், காலி சோடா பாட்டில்களை எடுத்துப்போக உள்ளே வந்தவள், என் சக்கரத்தின் அடிப்பலகையைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணே, போல்ட்டுக்கு அடியில என்ன மாட்டியிருக்கீக?"

"ஓட்டைக் காலணாம்மா. வாஷருக்குப் பதிலா போட்டிருக்கேன். கச்சிதமா உக்காருது."

"இது வெள்ளைக்காரன் காலத்துக் காசுண்ணே. யுத்தத்துல செம்பு தட்டுப்பாடா இருந்தப்ப நடுவுல ஓட்டை போட்டு அடிச்சது. இதைப் போயி வாஷராக்கிட்டீகளே."

மறுநாள் ஒரு டப்பா நிறைய நிஜ வாஷர் வாங்கி வந்து வைத்துவிட்டு, நாலு போல்ட்டிலும் இருந்த காலணாக்களைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். சும்மா வாங்கவில்லை. பதிலுக்கு நாயக்கர் காலத்துச் செப்புக்காசு ஒன்றை என் கையில் வைத்தாள். புளியங்கொட்டை அளவுதான், கன்னங்கரேலென்று இருந்தது.

"இது ஒங்களுக்கு. பக்கத்துல வைக்க இன்னொண்ணு நீங்கதான் தேடணும்."

அவள் எல்லோரிடமும் சொல்கிற வாசகம் அது. சில்லறை கொடுக்கும்போதே பாடம் ஆரம்பித்துவிடுவாள். வருடத்துக்குக் கீழே வைரக்குறி இருந்தால் பம்பாயில் அடித்தது, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. பீடி வாங்க வந்தவன் பற்றவைக்க மறந்து காசைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பான். தாமரைப் பூ போட்ட மஞ்சள் இருபது காசைக் கொடுத்து ஆரம்பித்துவைத்தே பத்துப் பேரை இழுத்துவிட்டாள். வத்தலக்குண்டு பஸ் டிரைவர் தங்கமுத்து, கொடைக்கானலுக்குப் போகிற வெளிநாட்டுக்காரர்களிடம் அவர்கள் ஊர்க் காசைக் கேட்டு வாங்குகிற நிலைக்கு வந்துவிட்டார். நான் மட்டும் மசியவில்லை. செப்புக்காசை அரம் வைக்கிற பெட்டியில் போட்டுவிட்டு மறந்துபோனேன். "ராணிக்கு மறை கழண்டுருச்சு, நம்ம பட்டறையில முடுக்கிவிடணும்" என்று அவள் காதுபடவே கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள்.

மதுரையில் நாணயச் சங்கம் நடத்துகிற பேராசிரியர் பிராங்க்ளினுக்கு அவள் கடிதம் மேல் கடிதம் எழுதினாள். எண்பத்தாறில் பதில் வந்தது. ஒரு கண்காட்சி வையுங்கள், நானே வந்து பார்க்கிறேன், அன்றைக்கு இருபத்தைந்து பேர் கையெழுத்துப் போட்டால் திண்டுக்கல்லிலும் ஒரு சங்கம் தொடங்கலாம் என்று எழுதியிருந்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டு வாங்கினாள்.

அவளிடம் இருந்ததிலேயே உசத்தி, முப்பத்தொரு நாயக்கர் செப்புக்காசுகள். பழைய இரும்புக் கடைகளில் எடைக்குப் போட்டதைக் கிளறி ஒன்பது வருடத்தில் பொறுக்கியவை. பேராசிரியர் வருவதே அதைப் பார்க்கத்தான். அவற்றைப் பதித்து வைக்க, பித்தளை ஓரம் வைத்த ஒரு சட்டம் செய்துதரச் சொல்லி, சனிக்கிழமை டப்பாவோடு என்னிடம் கொடுத்தாள்.

சட்டம் அருமையாக அமைந்தது. அதற்குள் காசுகளை வைத்தால் கரிக்கட்டைகளாகத் தெரிந்தன. மதுரையிலிருந்து பெரிய மனுஷன் வருகிறான், நம் பட்டறையிலிருந்து போகிற சாமான் இந்த லட்சணத்திலா போகும் என்று எனக்குப் பொறுக்கவில்லை. சக்கரத்தை ஓட்டினேன். முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகக் குறட்டில் பிடித்துத் தேய்த்தேன். ஒவ்வொன்றும் தகதகவென்று வந்தது. இவளுக்கு நாளைக்குப் பேச்சே வராது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஹாலில் துணியை விலக்கிக் காட்டினேன். சகாயராணி குனிந்து பார்த்தாள். அடுத்த காசுக்குப் போனாள், அதற்கடுத்ததுக்குப் போனாள். கடைசிக் காசு வரை பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணே, எழுத்தெல்லாம் எங்க?"

"அழுக்குதாம்மா போயிருக்கு."

"அழுக்கு இல்லண்ணே. அந்தக் கருப்புதான் காசுக்குக் காவலு. அது போச்சுன்னா உருவமும் போச்சு."

அப்போதுதான் நானும் உற்றுப் பார்த்தேன். யானை இருந்த இடம் வழவழவென்று இருந்தது. எழுத்து இருந்த இடத்தில் என் மூஞ்சி தெரிந்தது. ஒன்பது வருடத்தை ஒரே பொழுதில் தேய்த்துத் தள்ளியிருக்கிறேன். "மூடி எடுத்துட்டுப் போயிறவா தாயி?" என்று கேட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நான் ஒங்களுக்குக் குடுத்த காசு இருக்கா?" என்றாள்.

சைக்கிளை எடுத்துப் பறந்தேன். அரப்பெட்டிக்கு அடியில், துருவுக்கும் தூசிக்கும் நடுவே அது அப்படியே கிடந்தது. பட்டறை வாசலைத் தாண்டாததால் தப்பித்த காசு. அதை வாங்கி, பளபளக்கிற முப்பத்தொன்றுக்கும் நடுவில் வைத்தாள். ஓர் அட்டையில் எழுதி மேலே மாட்டினாள்: 'நடுவில் இருப்பது காசு. சுற்றி இருப்பவை மெருகு போட்டவை. யாரும் இப்படிச் செய்ய வேண்டாம்.'

அன்றைக்குக் கூட்டம் மொய்த்தது அந்தச் சட்டத்தின் முன்னால்தான். வந்தவர்களில் பாதிப் பேர் பூட்டுக்காரர்கள். இரண்டு பேர் முகம் மாறிப்போய், நாங்களும் வீட்டில் தேய்த்துவிட்டோமே என்றார்கள். பேராசிரியர் பிராங்க்ளின் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது யார் செஞ்சது?" என்று கேட்டார்.

"எங்க ஊர்லயே நல்லா மெருகு போடுறவரு, சார். என்மேல உள்ள பிரியத்துல செஞ்சுட்டாரு" என்றாள் சகாயராணி.

அவர் சிரித்தார். "நான் புளி போட்டுத் தேச்சேம்மா. நான் முதல்ல சேத்த அம்பது காசுகளும் அப்படித்தான் போச்சு. இதை எழுதி மாட்டுற தைரியம் எனக்கு இல்லை."

கையெழுத்து நோட்டை அவள் முதலில் என்னிடம்தான் நீட்டினாள். முதல் வரியைக் காலியாக விட்டிருந்தாள். வேண்டாம் என்றேன், விடவில்லை. பொம்மையன் என்று எழுதினேன். சாயங்காலத்துக்குள் எனக்குக் கீழே நாற்பத்திரண்டு பெயர்கள். சங்கம் அன்றைக்கே தொடங்கியது. தலைவி சகாயராணி. பெட்டிக்கடைக்காரியை ஒரு பேராசிரியர் எழுந்து நின்று தலைவரே என்று கூப்பிட்டதை இந்தக் கண்ணால் பார்த்தேன். எங்கள் தெருவுக்கே அன்றைக்குத் தலை நிமிர்ந்தது.

ஹாலைப் பூட்டும்போது அந்தக் கறுத்த காசை எடுத்து என் கையில் வைத்தாள். உருப்படியாக மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

"நீ வச்சுக்க தாயி."

"குடுத்தது குடுத்ததுதாண்ணே. பக்கத்துல வைக்க இன்னொண்ணு நீங்கதான் தேடணும்."

மூன்று வருடம் ஆகிறது. லீவு நாளெல்லாம் பழைய இரும்புக் கடைகளில்தான் கிடக்கிறேன். நெய்க்காரப்பட்டி வரைக்கும் போய்வந்துவிட்டேன். இதுவரை பத்தொன்பது செப்புக்காசு சேர்ந்திருக்கிறது. முப்பத்தொன்று சேர்ந்ததும் பழைய சட்டத்திலேயே பதித்து அவளிடம் கொடுக்க வேண்டும். ஒன்றைக்கூட நான் தேய்க்கவில்லை.