வதனி மிஸ் வைத்த பெயர்கள்

சாவுச் செய்தி என்னைத் தேடி வரவில்லை. நான்தான் போய் அதை வாங்கிக்கொண்டேன். அன்று காலை என் மடிக்கணினி வழக்கம்போல வைஃபை இல்லாமல் விழித்தது. வகுப்புத் தொடங்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. எரிச்சலோடு வதனி மிஸ்ஸுக்கு அழைப்பு எடுத்தேன். பேசியது அவரது தம்பி. "அக்கா விடியப்புறம் மோசம் போயிட்டா சேர். உங்களுக்கு எடுக்கவேணும் எண்டுதான் இருந்தனான்." எதற்காக அழைத்தேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

கிளிநொச்சியில் எங்கள் பயிற்சி நிலையத்துக்கு வந்து போனவர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். நான் தட்டச்சு படிப்பிப்பவன். அவர் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர். வெளிநாட்டிலிருந்து உறவுகள் அனுப்பிய பதினாறு பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓடவைத்தது அவர்தான். ஒன்றில் ஹெட்போனைச் செருகிக் கழற்றினால்தான் சத்தம் வரும். இன்னொன்றில் வெளிச்சத்தைக் கூட்டினால் குறையும். பழுது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. "பழுதில்லை சேர், அது அதின்ர குணம்" என்பார்.

குணத்தைப் பார்த்துத்தான் பெயரும் வைப்பார். விசுவமடுவிலிருந்து பஸ்ஸில் வரும் நேரமெல்லாம் ஃபோனில் அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்கள் பார்ப்பது அவர் வழக்கம். நாற்பதைத் தாண்டியவர், அதை மறைக்கவே மாட்டார். சத்தம் வராத கணினிக்குக் காது கேளாத ஒரு வாள்வீரனின் பெயர். வெளிச்சம் மாறி வேலை செய்வதற்கு, சொன்னதற்கு எதிராகவே நடக்கும் ஒரு பூனையின் பெயர். திரையில் பெயரைக் கண்டதும், அதே தொடர்களைப் பார்க்கும் பிள்ளைகள் இன்னார் என்று பிடித்துவிடுவார்கள். ஆளைப் பிடித்தால் கணினியை எப்படிக் கையாள்வது என்பதும் தெரிந்துவிடும். எனக்கு மட்டும் ஒன்றும் விளங்காது. "கார்ட்டூன் பாக்கிற வயசா மிஸ்?" என்று ஒருநாள் கேட்டேன். "நீங்கள் கேக்கிற செய்தியைவிட இதில ஆக்கள் நல்லாக் கதைக்கினம்" என்றார்.

சிறுநீரகம் பழுதாகி அவர் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் தொடங்கியிருந்த காலம். அவர் இல்லாத ஒரு கிழமையில் எனக்கு ஒழுங்குப் பைத்தியம் பிடித்தது. பெயர்களை எல்லாம் அழித்து ஒன்று முதல் பதினாறு வரை இலக்கம் போட்டேன். மறுநாள் ஆங்கிலம் கேட்டு எழுதும் பயிற்சி. எந்தக் கணினியை என்ன செய்தால் சத்தம் வரும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் ஹெட்போனோடு என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்கள்.

திரும்பி வந்த மிஸ் கோபிக்கவில்லை. "ஆஸ்பத்திரியிலயும் எனக்கு இலக்கம்தான் சேர். பேர் சொல்லி ஆரும் கூப்பிடுறேல்லை" என்றார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெயர்களைத் திரும்ப வைத்தார். களைத்துப்போய் இரண்டு தரம் மேசையில் தலை சாய்த்தார். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

அன்றுதான் என் கணினிக்கும் யுனோகி என்று பெயர் வைத்தார். பிள்ளைகள் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். யார் இந்த யுனோகி என்று கேட்டேன். "அந்த அனிமேயை எட்டாம் பாகம் வரைக்கும் பாருங்கோ, தெரியும்." அதன் பிறகு ஒவ்வொரு காலையும் உள்ளே வரும்போதே, "வணக்கம் சேர், பாத்திட்டீங்களோ?" என்பார். நேரமில்லை என்பேன். வீட்டில் தனி ஆள், எனக்கு நேரத்துக்கு என்ன குறை?

என் கணினியின் குணம், தூங்கி எழுந்தால் தானாக எதனோடும் இணையாது. யாராவது ஒரு கட்டளை அடித்துக் கூப்பிட வேண்டும். அது எனக்கு நினைவில் நிற்காது, ஒவ்வொரு தடவையும் மிஸ்ஸிடம்தான் கேட்பேன். அதைத் தானாக நடக்கும்படி எழுதிவிடலாமே என்று கேட்டேன். "எழுதலாம். பிறகு என்னோட என்னத்தைக் கதைப்பீங்கள்?" என்று சிரித்தார். உண்மைதான். வேறு எதற்காகவும் நான் அவரை அழைத்ததில்லை.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு விசுவமடுவுக்குப் போய்வந்த பிறகுதான் அந்தத் தொடரைப் பார்க்கத் தொடங்கினேன். யுனோகி ஒரு சிறிய ரயில் நிலையத்தின் காவலாளி. எவரோடும் தானாகப் பேசமாட்டான். மீன் விற்கும் ஒரு பெண் மட்டும் தினமும் வணக்கம் சொல்லிவிட்டுப் பதிலுக்காக நிற்பாள். ஏன் இந்த வீண்வேலை என்று எட்டாம் பாகத்தில் அவளிடம் கேட்கிறார்கள். "அவருக்குப் பேச விருப்பம். தொடங்கத்தான் தெரியாது" என்கிறாள். அந்த இடத்தில் நிறுத்தினேன். கணினிக்கு வைத்த பெயர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்தக் கட்டளை இப்போது எனக்கு மனப்பாடம். தானாக நடக்கும்படி எழுதவும் பழகிவிட்டேன், எழுதவில்லை. மிஸ்ஸிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பெயரும், காலையில் கையால் அடிக்கும் அந்த ஒரு வரியும்தான். பிள்ளைகள் வருவதற்கு முன் அறையில் நான் மட்டும் இருப்பேன். அடித்து முடித்ததும் அவருடைய கதிரையைப் பார்த்து, இப்போதெல்லாம் நானே தொடங்குகிறேன்.

"வணக்கம் மிஸ். பாத்திட்டன்."